ஓடைக்கு இந்தப் பக்கம்

டாகெட் ஓடை,
நவம்பர் 9

அன்புள்ள வெண்டல்,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. அலாஸ்காவில் இந்நேரம் கடல் காற்று எலும்பைத் துளைக்குமே, நான் அனுப்பிய கம்பளிக் காலுறைகளைப் போட்டுக்கொள்கிறாயா? படகில் வேலை செய்கிறவனுக்குப் பாதம் ஈரமாகவே இருக்கக் கூடாது.

முதலில் நல்ல செய்தி. நம் ஊர் தனி நகராட்சி ஆகிவிட்டது. மூன்றே ஓட்டு வித்தியாசம். இனிப் பக்கத்து நகரம் நம்மை விழுங்க முடியாது. நம் சாலையையும் பள்ளியையும் என்ன செய்வது என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். ஆறு மாதம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியதில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன். வீண்போகவில்லை.

ஆனால் ஜெயித்த ஓட்டுகளில் என் ஓட்டு இல்லை. சிரிக்காதே, சொல்கிறேன்.

சர்வேயர் முதலில் போட்ட வரைபடத்தில் எல்லைக்கோடு ஓடையோடு நின்றது. நம் வீடு ஓடைக்கு இந்தப் பக்கம், வெளியே. எனக்கு வந்ததே கோபம்! ஊருக்காக இத்தனை அலைந்தவளை வெளியே நிறுத்துவதா என்று அவரைப் பிடித்து உலுக்கி, நம் ஆப்பிள் மரங்களைத் தாண்டிக் கோட்டை இழுக்கவைத்தேன். அந்தப் பெருமையில் இரண்டு மாதம் என் கால் தரையில் பாவவில்லை.

செப்டம்பர் கூட்டத்தில், நகராட்சிக்காக நாங்கள் வைத்த வக்கீல் அம்மா விதிமுறைகளைப் படித்தார். நகர எல்லைக்குள் சொந்த நிலத்தில் புதிதாக யாரையும் அடக்கம் செய்யக் கூடாதாம். அப்படியானால் நம் ஆப்பிள் மரத்தடியில் இருக்கும் உன் அப்பாவின் கல்லறை என்ன ஆகும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "உங்க வீட்டுக்காரர் இருக்கற இடத்துலயே இருக்கலாம்மா, அவரை யாரும் தொடமாட்டாங்க. இனிமே போறவங்கதான் சர்ச் கல்லறைத் தோட்டத்துக்குப் போகணும்," என்றார். உன் அப்பாவை மரத்தடியில் வைத்த அன்றே பக்கத்து இடம் எனக்கு என்று சொல்லிவைத்தவள் நான். என் வாயாலேயே அதைக் கெடுத்துக்கொண்டேனே என்று நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, கோட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகச் சொன்னேன். வெளியே போனால் ஓட்டும் போய்விடும், தெரிந்துதான் கேட்டேன். லெஸ்டர் பக்னரை உனக்குத் தெரியுமே, நாய்க்காரன். முதல் நாளிலிருந்து நகராட்சி வேண்டாம் என்று நின்றவன், விடுவானா? "ஏன் ஓலீட்டா, ஆறு மாசமா எல்லாரும் சேருங்க சேருங்கன்னு எங்க உயிர எடுத்தே. இப்ப நீ மட்டும் நைசா நழுவுறியா?" என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகைதான் வந்தது. அதோடு காரணத்தையும் சொல்லிவிட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. லெஸ்டர்தான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். "இவ புருஷன் ராய்ஸ் அங்க ஒத்தையிலயே கிடக்கணுமா? கோட்டை ஓடையோட நிறுத்துங்கய்யா. எவனுக்காவது ஆட்சேபணை இருந்தா என்கிட்ட வந்து பேசட்டும்," என்றான். கோட்டை மாற்ற எல்லாரும் கை தூக்கினார்கள். எங்கள் பக்கம் ஒரு ஓட்டுக் குறையும் என்ற கணக்கும் அவனுக்கு இருந்திருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அவனுக்கு ஒரு ஆப்பிள் கேக் செய்து கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை எல்லாரும் ஓட்டுப் போட்டார்கள், நான் வாசலில் காபி ஊற்றிக் கொடுத்தேன். முடிவைச் சொல்ல லெஸ்டரே வீட்டுக்கு வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "ஜெயிச்சுத் தொலைச்சிட்டீங்க. இனிமே என் நாய்ங்களக் கட்டிப் போடணுமாம். அதுங்க உன் தோட்டத்துலதான் திரியப் போகுது, பாத்துக்கோ." தாராளமாக வரட்டும் என்றேன். அப்புறம் மரத்தடியில் போய் உட்கார்ந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாடா என்று இருந்தது.

வெண்டல், அவருடைய அடக்கத்துக்கு நீ ஏன் வரவில்லை என்று நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. நீங்கள் இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்ததுதான். சர்வேயர் திரும்ப வந்தபோது மரத்தடியையும் அளந்து பார்க்கச் சொன்னேன். மூன்று பேருக்கு இடம் இருக்கிறதாம். ஒன்றில் அவர், ஒன்று எனக்கு. மூன்றாவதற்கு அவசரமே இல்லை, நீ நூறு வயது இரு. ஆனால் அங்கே இரண்டு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். படகு கரைக்கு வந்ததும் ஒருமுறை வந்து உட்கார்ந்துவிட்டுப் போ. எதுவும் பேச வேண்டாம்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உன் அம்மா
ஓலீட்டா