தீபன் வருவான்

மூவார், ஜொகூர், மலேசியா
20.3.2023

அன்பு ராசம்மா ஆன்ட்டிக்கு,

மூவாரிலேர்ந்து சுபத்திரா எழுதறேன். போன மாசம் எங்க சபையிலேர்ந்து ரெண்டு வாரம் இலங்கைக்கு ஊழியத்துக்கு வந்தோமே, அதுல பச்சை பஞ்சாபி சூட் போட்டுக்கிட்டு ஓயாமப் பேசிக்கிட்டிருந்த பொண்ணு நான்தான். பொண்ணாம் பொண்ணு, நாப்பத்தெட்டு வயசு! போன்ல உங்களுக்குச் சரியாக் காது கேக்காதுன்னு உங்க மகள் கோமளா சொன்னாங்க, அதான் கடிதம். கையெழுத்தைப் பாத்து சிரிக்காதீங்க.

ஆன்ட்டி, உங்க வீடு எங்க லிஸ்ட்லயே இல்ல. வேன் உங்க வேலிகிட்ட திரும்பறப்ப, "இங்க இறங்கு"ன்னு உள்ளுக்குள்ள ஒரு ஏவுதல். பாஸ்டர்கிட்ட சொன்னேன். "அஞ்சு நிமிஷம்தான் சிஸ்டர்"ன்னார். உள்ள வந்தா, படகேறி ஆஸ்திரேலியா போன மகனோட போட்டோவை மடியில வெச்சுக்கிட்டு நீங்க. பதினோரு வருஷமா ஒரு சேதியும் இல்லன்னீங்க. உங்க கையைப் பிடிச்சு ஜெபம் பண்ணப்பதான் அந்த வார்த்தை வந்துச்சு, இந்த வருஷம் முடியறதுக்குள்ள தீபன் வருவான்னு. ஆண்டவர் எப்படி நடத்தறார் பாருங்க! வர்ற ஞாயிறு சபையில சாட்சி சொல்லப் போறேன்.

எங்க வீட்டுக்காரர் தேவானந்தன் பர்னிச்சர் ஃபேக்டரிக்குப் போயிட்டார். இங்க ஒரே மழை லா, துணியே காயல. கோமளாவுக்கு என் அன்பைச் சொல்லுங்க.

உங்க இன்னொரு மகள்,
சுபத்திரா


முழங்காவில், இலங்கை
2.5.2023

பிள்ளை சுபத்திராவுக்கு,

கடிதம் கிடைச்சது. நீங்கள் சொல்லிப்போட்டுப் போன நாளில இருந்து எனக்கு நல்ல நித்திரை வருது. நான் சைவக்காரி. உங்கட ஆண்டவரை எனக்கு அவ்வளவாத் தெரியாது. ஆனால் கடல் கடந்து வந்த ஒரு பிள்ளை, கேளாமலே என்ர படலையைத் திறந்து வந்து உங்கட மகன் வருவான் எண்டு சொன்னால், அது சும்மா இருக்குமோ?

அவன்ர அறைக்கு வெள்ளை அடிப்பிச்சாச்சு. இந்த வருசமாவது அவனுக்குத் திவசம் செய்வம் எண்டு சொந்தக்காரர் வந்தவை. பேசித் துரத்திப்போட்டன்.

ஒரு விசயம். கோமளாவின்ர மனுசன் கனடாவில இருந்து அவளுக்கும் எனக்கும் விசா எடுத்திருக்கிறார். டிசம்பரில போகவேணும். உங்களைத் தனிய விட்டிட்டுப் போகேலாது அம்மா எண்டு அவள் அழுகிறாள். நான் வரமாட்டன் எண்டிட்டன். தீபன் வந்து பூட்டின கதவைப் பார்த்தால் என்ன நினைப்பான்?

எந்த மாசம் எண்டு உங்கட ஆண்டவர் சொன்னவரோ? கேட்டு எழுதுங்கோ.

அன்போட,
ராசம்மா


மூவார்
14.8.2023

அன்பு ஆன்ட்டி,

பதில் லேட்டாச்சு, கோவிச்சுக்காதீங்க. வேலைக்கு மேல வேலை.

மாசமெல்லாம் சொல்லல ஆன்ட்டி. அவர் நேரம் நமக்குத் தெரியாது, இல்லையா? நீங்க கோமளாகூட கனடா போயிட்டாத்தான் என்ன? அக்கம்பக்கத்துல விலாசத்தைக் குடுத்துட்டுப் போங்க. தீபன் அங்க தேடி வரமாட்டானா?

பக்கத்து ஊரு தங்காக்குக்குத் துணி எடுக்கப் போனப்ப உங்களுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினேன். கனடா குளிருக்கு ஆகும். இதோட வருது.

சுபத்திரா


முழங்காவில்
3.10.2023

பிள்ளை சுபத்திரா,

சால்வை வந்தது. நல்ல நிறம். தீபனுக்கு எண்டு வைச்சிருக்கிறன்.

விலாசம் குடுக்கலாம்தான். ஆனால் வருவான் எண்டுதானே சொன்னனீங்கள். பிள்ளை வரேக்க தாய் வீட்டில இருக்க வேண்டாமோ?

கோமளா டிசம்பர் பதினெட்டாம் திகதி போறாள். என்னோட கதைக்கிறதையே விட்டிட்டாள். என்ர விசாவும் வருசத்தோட முடியுது. இன்னும் மூண்டு மாசம்தானே, பொறுத்துப் பார்க்கிறன்.

உங்கட கடிதத்தில முந்தின மாதிரிச் சிரிப்பு இல்லை. வீட்டில ஏதும் கரைச்சலோ?

ராசம்மா


மூவார்
27.11.2023

ஆன்ட்டி,

இதை எத்தனையோ தரம் எழுதிக் கிழிச்சுட்டேன். கோமளா போறதுக்குள்ள கிடைக்கணும்னு கூரியர்ல அனுப்பறேன்.

உங்க வீட்டுல இறங்குன்னது ஆண்டவர். அதை இன்னைக்கும் எங்க வேணாலும் சொல்வேன். தீபன் வருவான்னது நான். ஜெபம் முடிஞ்சு எந்திரிச்சேன், நீங்க என் கையை விடல. வெளிய வேன் ஹார்ன் அடிக்குது. "என்ர பிள்ளை இருக்கிறானோ?"ன்னு கேட்டீங்க. தெரியாதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல, வாய் சொல்லிடுச்சு. அப்புறம் அதையே சபையில சாட்சியா வேற சொன்னேன். எல்லாரும் கைதட்டினாங்க. நானே நம்பிட்டேன்.

உங்க பக்கத்துல உக்காந்து சும்மா அழுதுட்டுப் போகத்தான் அவர் என்னை இறக்கி விட்டாரோ என்னமோ. எனக்கு அது போதல.

போன ஞாயிறு சபை முன்னாடி எந்திரிச்சு உண்மையைச் சொல்லிட்டேன். பாஸ்டருக்குக் கோவம். அது கிடக்கட்டும். உங்க கால்ல விழறேன் ஆன்ட்டி, கோமளாகூடப் போயிடுங்க. என்னைத் திட்டி எழுதுங்க. எழுதாம மட்டும் இருந்துடாதீங்க.

சுபத்திரா


முழங்காவில்
9.1.2024

பிள்ளை சுபத்திரா,

உங்கட கடிதம் டிசம்பர் அஞ்சாம் திகதியே வந்திட்டுது. கோமளாவுக்குக் காட்டேல்லை. காட்டியிருந்தால் என்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாள். பதினெட்டாம் திகதி தனியப் போயிட்டாள். நான் படலையில நிண்டு கையைக் காட்டினன். அவள் திரும்பிப் பார்க்கேல்லை.

உங்களில எனக்குக் கோவம் இல்லை. இறங்கு எண்டது அவர், வருவான் எண்டது நான் எண்டு பிரிச்சு எழுதியிருக்கிறியள். எனக்கு ரெண்டும் ஒரே வாயில இருந்துதானே வந்தது பிள்ளை, எதை வைச்சுக்கொண்டு எதை விடுறது? பதினோரு வருசத்தில அவன் வருவான் எண்டு எனக்குச் சொன்ன ஆள் நீங்கள் ஒராள்தான். நீங்கள் சொன்னதைத் திரும்ப எடுத்துப்போட்டியள். என்னால அதைத் திருப்பித் தர முடியேல்லை.

வருசம் முடிஞ்சுது. அவன் வரேல்லை. நான் இஞ்சதான் இருக்கிறன்.

ஒண்டு மட்டும் கேக்கிறன். இனிக் கடிதம் போடாதையுங்கோ. தபால்காரன் படலையில நிண்டு, வெளிநாட்டுத் தபால் எண்டு கத்துறான். நான் விழுந்தடிச்சு ஓடி வாறன். பார்த்தால் உங்கட கையெழுத்து.

தீபன்ர அம்மா,
ராசம்மா