இறுக்கக் கூடாத ஆணி

இன்று காலை உன் அண்ணனுக்கு ஊசி போட வந்த கம்பவுண்டர், ஸ்பிரிட் குப்பியைத் திறந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், "மேசையில வைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். பாவம், மனுஷன் பயந்துபோய்க் குப்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டார். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் உன்னால் இந்த வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை.

எந்த நாத்தனார் சாப்பாட்டு மேசையில் ரயில் எஞ்சின் செய்வாள்? நீ பாடம் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள் தன் ஊருக்குக் கப்பல் ஏறும்போது விட்டுப்போன சாமான்களில் மற்ற டீச்சர்மார் குடையும் கடிகாரமும் வாங்கி வந்தார்கள். நீ கேட்டு வாங்கி வந்தது, யாரும் பிரிக்காமல் கிடந்த ஒரு மரப்பெட்டி. உள்ளே பித்தளைக் குழாய், வார்ப்பிரும்புச் சக்கரங்கள், தகடுகள், திருகாணிகள், ஒரு வரைபடம். எல்லாவற்றையும் அராவி, துளை போட்டு, ஈயம் வைத்துப் பற்றவைத்து, நாமே எஞ்சினாகச் சேர்க்க வேண்டுமாம். அன்றைக்கு நாகர்கோவிலில் ரயிலே கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். நீ அதுவரை போனவளும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரத்தை எடுத்துவிடுவாய். கர் கர் என்று பல் கூசும். இரும்புத்தூள் மீன்குழம்பில் விழும். பித்தளை துலக்க என் புளி, சக்கரத்துக்கு என் தேங்காயெண்ணெய். காலையில் புட்டு அவித்தால் குழல் பக்கத்தில் வந்து நின்றுகொள்வாய்.

"மைனி, இந்த ஆவிய ஒரு குழாயில அடைச்சா என்ன தள்ளு தள்ளும்னு யோசிச்சியளா?"

"ஆவி போனா புட்டு வேகாது. தள்ளி நில்லு ஏட்டி."

இதற்கிடையில்தான் புதுக்கடைப் பக்கத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சர்க்கார் உத்தியோகம், நல்ல குடும்பம். கோயிலில் உன் வயதுக்காரிகள் எல்லாரும் பிள்ளையோடு உட்கார்ந்திருக்க, உனக்கு இப்படி ஒரு இடம் அமைந்ததே என்று நான் முழங்காலில் நின்று ஜெபித்தேன். மேசையை ஒழித்துக் கொடு என்று கெஞ்சினேன். "இப்ப அசைச்சா சக்கரம் கோணிரும் மைனி" என்றாய். கடைசியில் எஞ்சின்மேல் ஒரு விரிப்பைப் போட்டு மூடினேன். செத்த கோழியை மூடி வைத்ததுபோல் இருந்தது.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும் அந்த விரிப்பைத்தான் தூக்கினார்.

"இது ஆரு செய்யது?"

"நான்தான்" என்றாய்.

சிரித்தார். "நீங்களா? பாருங்க, இந்த ஆணி லூசா கெடக்கு." கேட்காமலே உன் திருப்புளியை எடுத்தார்.

"அத இறுக்காதீங்க. சிலிண்டர் அதுல ஆடணும். ஆடினாத்தான் ஆவி உள்ள ஏறும்."

அவர் இறுக்கினார். "வேண்டாம்" என்று இன்னொரு தடவையும் சொன்னாய். டக்கென்று ஒரு சத்தம். ஆணி முறிந்து சிலிண்டர் மேசையில் உருண்டது. "சாமான் கொள்ளாது, மோசம்" என்று சொல்லிவிட்டு அவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். அவர் அம்மா என் பக்கம் திரும்பி, "கல்யாணம் கழிஞ்சா இதுக்கெல்லாம் எங்க நேரம்" என்றாள். நீ எல்லாருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தாய். அதைப் பார்த்து நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அவர்களுக்கு உன்னைப் பிடித்துவிட்டது. நீதான் மாட்டேன் என்றாய்.

"ஒரு ஆணிக்காகவா ஏட்டி?" எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஆணிக்கில்ல மைனி. வேண்டாம்னு ரெண்டு மட்டம் சொன்னேன். அவருக்குக் கேக்கல்ல."

உன் அண்ணன் உன்னோடு பேச்சை நிறுத்தினார். நீயும் அவரும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, உப்புக் கேட்பதைக்கூட என் வழியாகக் கேட்டீர்கள். புதுக்கடைக்கு என்ன பதில் சொல்லி அனுப்புவது என்று நான்தான் மண்டையை உடைத்துக்கொண்டேன். நீயோ நான் லேஸ் பின்னுகிற ரேந்தை ஊசியைக் கேட்காமல் எடுத்து வெட்டி, அராவி, முறிந்த ஆணிக்குப் பதிலாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தாய். இருந்ததில் நல்ல ஊசி அதுதான். அந்த மனுஷன் கேட்காமல் எடுத்தது குற்றம், நீ எடுத்தது மட்டும் குற்றமில்லையா என்று சண்டை போட்டேன். அந்த ஒரு தடவைதான் உன் வாயை அடைத்தேன்.

பிறகொரு நாள் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, "மைனி, போவுது! போவுது!" என்று கத்தினாய். மாவுக் கையோடு ஓடி வந்தேன். அடியில் ஸ்பிரிட் விளக்கு எரிய, வீடெல்லாம் அந்த வாடை வீச, வட்டத் தண்டவாளத்தில் அது புஸ்புஸ்ஸென்று சுற்றிக்கொண்டிருந்தது. எண்ணெய்த் தண்ணீரை விரிப்பெங்கும் துப்பியது. உன் அண்ணன் உள்ளறையிலிருந்து வந்து நின்று, அது ஓய்கிறவரை பார்த்துவிட்டு, "தண்ணி தீந்துட்டா?" என்று உன்னிடம் கேட்டார். அதன்பிறகு உப்புக்கு நான் தேவைப்படவில்லை.

வேறு மாப்பிள்ளை அமையவில்லை. கடைசிக் காய்ச்சல்வரை எங்களோடுதான் இருந்தாய். அந்த இடத்தை விட்டது புத்தியில்லாத காரியம் என்று உன்னிடம் எத்தனையோ தடவை சொன்னேன். இப்போதும் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் போன வாரம் நடந்ததைக் கேள். உன் மடியில் கிடந்து வளர்ந்தாளே என் மகள், அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் பாதி பின்னிய ரேந்தை ஜன்னலோரம் கிடந்தது. பையன் அதைப் பார்த்து, தொடப்போனான். "தொடாதீங்க, நூல் பிரிஞ்சிரும்" என்றாள். நான் அவன் கையையே பார்த்தேன். அவன் கையை இழுத்துக்கொண்டு, குனிந்து கண்ணால் மட்டும் பார்த்தான்.

அவர்கள் போனதும் உன் அண்ணன், "வயல் எவ்வளவு உண்டுன்னு கேட்டியா?" என்றார்.

"கேக்கல்ல. எனக்குச் சம்மதம்" என்றேன்.

"என்னத்தப் பாத்துட்டு சம்மதம்னு சொல்லுத?"

பையன் கையை இழுத்துக்கொண்டதைச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.