பாதியில் நின்ற பாட்டு

அன்புள்ள மருமகளே,

பாட்டை விலைக்கு வாங்கித்தான் கேட்பேன் என்று அடம்பிடித்த என்னை நீதான் போனில் பாட்டுக் கேட்கும் மாதச் சந்தாவுக்கு மாற்றினாய். "ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதான் மாமா. நான் கேட்டா உங்களுக்கு நின்னுடும்" என்றாய். நின்றபோதெல்லாம் உன்னைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

என் மகனைப் பறிகொடுத்த பிறகு, தையல்கடையில் என் பாட்டு ஒருநாளும் நிற்கவில்லை. உன்னைக் கூப்பிட்டு ஏனென்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

நேற்று காலர் தைத்துக்கொண்டிருந்தபோது பாட்டு பாதியில் நின்றது. வேறொரு போனில் ஓடுவதாகத் திரை சொன்னது. மிதியில் காலை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னண்ணே, நெட் போயிடுச்சா?" என்றார் பக்கத்து மிஷின்காரர்.

"இல்லப்பா. மருமக பாட்டு கேக்குறா."

ரொம்ப நன்றியம்மா. எனக்காக நிறுத்திவிடாதே. எனக்கு மிஷின் சத்தமே போதும்.

உன் மாமா