மீட்டரின் மேல் சந்தனம்

விஜயதசமி, 1938. இரவு.

என் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் வேலுவின் இடது கண்ணைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பார்வை இருக்குமா என்று கட்டைப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியுமாம்.

நேற்று ஆயுத பூசையில் பட்டறைச் சாமான் எல்லாவற்றுக்கும் நானே சந்தனம் பூசினேன். காற்று மிஷினின் மீட்டர் கண்ணாடியிலும் அப்பிவிட்டேன். இன்று காலை ஒரு காருக்குப் பெயின்ட் அடிக்க வேலு வந்தான்.

“முள்ளு தெரியலண்ணே. துடைச்சுப்புடவா?”

“சாமிக்கு வச்சதுல கை வைக்காத. எனக்கு மீட்டரு என் காதுதான்.”

“அப்ப அந்தக் காதுக்கும் ஒரு பொட்டு வச்சிருவோம்” என்று சிரித்தான்.

காற்றின் அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர் திருகை முழுக்கத் தளர்த்திவிட்டு, முள்ளைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். எனக்குத் தெரியாததா? எவனிடமும் கைகட்டி நிற்காமல் நானே கற்ற தொழில். அவன் சிரித்த கோபத்தில் ஒரே மூச்சில் இறுக்கினேன். காற்று போகும் ரப்பர் ஓஸ் பிய்த்துக்கொண்டு போய் அவன் முகத்தில் அடித்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி, எப்படி நடந்தது என்று என்னைக் கேட்டாள்.

“ஓஸ் பழசும்மா” என்றேன். தப்பு என்னுடையது என்று சொல்லிப் பழகாத வாய்.

படுத்தபடியே வேலு சொன்னான்: “ஆமா, பழசுதான். அண்ணே அப்பவே மாத்தச் சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்.”

நான் மாற்றச் சொன்னதே இல்லை. அது அவனே போன வாரம் வாங்கி மாட்டிய புது ஓஸ்.

அந்தப் பெண் அழுதுகொண்டே அவனைத் திட்டினாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.