நுனிக்காலில் நின்ற மேலாளர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை மறக்கவில்லையே?

நான் குரல் கொடுத்த பயிற்சிப் பாடங்களை எங்கள் மேலாளர் அழித்துவிட்டுத் தன் குரலில் பதிந்துகொண்டார் என்று சொன்னேனே. "உன் குரல் தகர டப்பாவை உருட்டின மாதிரி இருக்கும்மா" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர். அதே ஆள் திங்கட்கிழமை, தன் மேசையில் மைக்கைத் தாங்கும் நீளக் கை ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னார்.

நம் வீட்டு மேசை விளக்குக்கு இருக்கிற ஸ்பிரிங் கைதான், அப்பா. தலைக் கனத்துக்கு ஏற்ற கையாக இருக்க வேண்டும். தலை லேசாக இருந்தால் ஸ்பிரிங் கையை மேலே இழுத்துவிடும். அவர் மைக்கோ இறகுபோல லேசு. நான் தேடிப் பிடித்து, இருப்பதிலேயே கனமான மைக்கைத் தாங்கும் கையை வாங்கினேன். ஸ்பிரிங்கைத் தளர்த்தும் திருகை மட்டும் தொடவில்லை.

முதலாளி எதிரில் அவர் பேச ஆரம்பித்தார். மைக் மெல்ல மேலே போனது. கழுத்தை நீட்டினார், எழுந்தார், கடைசியில் நுனிக்காலில் நின்று பேசினார்.

"என்னம்மா இது?"

"உங்க குரலைக் கேட்டுப் பயந்துடுச்சு போல, சார்."

முதலாளியே சிரித்துவிட்டார். எனக்கு வயிறு குளிர்ந்துபோனது.

கவலைப்படாதீர்கள், வேலைக்கு ஒன்றும் ஆகாது. என் பழைய போர்வையை அனுப்பிவையுங்கள். போனில் கொஞ்சம் நீளமாகப் பேசுங்கள். இங்கே நான் பேசினால் 'ம்' கொட்ட ஆளில்லை.

உறைக்குள் ஒரு சின்னச் சாவி இருக்கும். அந்தத் திருகுக்குப் பொருந்துவது இது ஒன்றுதான். மேலாளர் இதை மூன்று நாளாகத் தேடுகிறார். உங்கள் மேசை டிராயரில் பத்திரமாக வையுங்கள்.

அவசரமாக,
உங்கள் தகர டப்பா