எழுநூறுக்கு இப்போது என்ன பெயர்?

என் பிரியமுள்ள நங்கைக்கு,

நீங்கள் போன பிறகு ஆபீசில் நடந்த ஒரு கூத்தை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அண்ணன் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று கண்ணாடியைத் துடைப்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடுகிறது. கோள் சொல்வதற்கு நாத்தனார்தானே வேண்டும்?

உங்கள் எழுநூறைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தார்கள், நங்கை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எழுநூறு என்பது எங்கள் பனியன் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர். நூல் வந்து இறங்குவதில் தொடங்கி, துணி பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போவது வரை எல்லாம் அதில்தான் ஓடுகிறது. அதற்குள் இருக்கும் ப்ரோகிராம் முழுக்க என் அண்ணன் மனைவி, அதாவது எங்கள் கொங்குப் பேச்சில் என் நங்கை, தன் கையால் எழுதியது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. பார்க்க ஒரு அழகும் கிடையாது, அது நின்றுபோய் நாங்கள் பார்த்ததும் கிடையாது.

ஒரே நீலத்தை இரண்டு தடவை சாயம் போட்டால் இரண்டு நீலம் வரும். திருப்பூரில் இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் உடம்புக்கு ஒரு நீலம், கைக்கு ஒரு நீலம் என்று ஒரு சட்டைகூட நம் கம்பெனியிலிருந்து போனதில்லை. ஒவ்வொரு தடவைச் சாயத்துக்கும் போடுகிற லாட் நம்பர் ஒத்துப்போகாவிட்டால் உங்கள் ப்ரோகிராம் துணியைத் தையலுக்கு அனுப்பாது. கட்டிங் மாஸ்டர் எத்தனை தடவை உங்கள் மேசைக்கு வந்து நின்றிருப்பார்? "மிஷின் விடமாட்டீங்குதுங்க மேடம்" என்பார். நீங்கள் தலையைத் தூக்காமல், "மிஷின் பாவமுங்க, விடாதது நான்தான்" என்பீர்கள். உங்களிடம் எனக்குப் பிடித்ததே அந்தத் திமிர்தான். அதை உங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.

மிஷினைச் செய்த கம்பெனிக்காரர்களுக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. எழுநூறு என்று விற்றதற்கு ஒருநாள் 'சீரிஸ்' என்று ஏதோ பெயர் வைத்தார்கள். பிறகு 'சிஸ்டம்' என்றார்கள். கடைசியில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, வெறும் 'கே' என்று ஒற்றை எழுத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெட்டி மாறியது, பெயர் மாறியது, உள்ளே உங்கள் ப்ரோகிராம் மட்டும் அப்படியே இருந்தது. நாங்கள் எதையும் சட்டை செய்யவில்லை. எங்களுக்கு அது எழுநூறு. பண்டில் கட்டும் இடத்தில் இருக்கும் பீகார்ப் பையன்களுக்கு அது 'சாத் சௌ'.

நீங்கள் ஒருவர்தான் ஒவ்வொரு தடவையும் புதுப் பெயரைச் சொல்லித் திருத்திக்கொண்டிருந்தீர்கள். "ஒத்தை எழுத்தை எப்படிங்க பேருன்னு கூப்பிடறது?" என்று சூப்பர்வைசர் கேட்டபோது நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அவங்க வெச்ச பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அதுவும் பழகிக்கும், நீங்களும் பழகிக்குவீங்க." நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன்.

சிரிப்பு இந்த வருஷம் நின்றது. நம் சட்டைகளை வாங்கும் பையர் ஆபீசிலிருந்து ஆடிட்டுக்கு வந்த அம்மா, "உங்கள் ஆர்டர் எல்லாம் எந்த சிஸ்டத்தில் ஓடுகிறது?" என்று கேட்டார். சூப்பர்வைசர் நெஞ்சை நிமிர்த்தி, "எழுநூறுங்க" என்றார். அந்த அம்மா ஃபோனில் தேடிப் பார்த்தார். எழுநூறை எப்போதோ நிறுத்திவிட்டார்கள் என்று வந்தது. நிறுத்தின மிஷினில் ஓடுகிற கம்பெனிக்குக் குளிர்கால ஆர்டர் தர முடியாது, செய்த கம்பெனி இன்னும் இதற்குப் பொறுப்பு என்று கடிதம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குளிர்கால ஆர்டர் இல்லையென்றால் நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கும் யூனிட்டை மூட வேண்டியதுதான். அண்ணன் ஆடிப்போய்விட்டார். கோயமுத்தூரிலிருந்து இஸ்திரி கலையாத சட்டையில் ஒரு தம்பி வந்து, புது சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறேன், இதைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, "என்ன கண்ணு பண்றது? அவ இருந்தா சொல்லியிருப்பா" என்றார்.

நான்தான் வரிந்துகட்டிக்கொண்டு கம்பெனிக்காரர்களின் உதவி நம்பருக்கு ஃபோன் போட்டேன். எடுத்தவர் பேச்சு மதுரைப் பக்கம். எழுநூறு என்று இப்போது எதுவும் இல்லையே மேடம் என்றார். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை இல்லை என்றால் எப்படி? நல்லவேளை, 'கே' ஞாபகம் வந்தது. அடுத்தது நம் கம்பெனிப் பெயர். அது மட்டும் மாறாமலா இருக்கிறது? சித்தப்பா பிரிந்தபோது ஒன்று, எண் ஜோசியர் சொல்லி ஒன்று. அப்பா காலத்துப் பெயரில் தேடித்தான் கண்டுபிடித்தார்.

"காண்டாக்ட் தெய்வானைன்னு இருக்கு. அவங்கள லைன்ல வரச் சொல்லுங்க மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எங்கம்மா பேருங்க. அவங்களுக்கு செல்ஃபோனே எடுக்கத் தெரியாதுங்க."

"இல்ல மேடம், இவங்க எங்ககிட்ட ரொம்ப வருஷமாப் பேசிக்கிட்டு இருந்தவங்க."

"அப்படின்னா வேற கம்பெனியா இருக்குமுங்க. எங்க ஆபீஸ்ல அப்படி யாரும் இல்லீங்க. இருந்ததும் இல்லீங்க."

பெயர் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது என்று அவர் வைத்துவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் தட்டில் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"அது உன்ற நங்கைதான் கண்ணு."

மாமியார் பெயரும் மருமகள் பெயரும் ஒன்றாக இருக்கக் கூடாதென்று நிச்சயத்தன்றே உங்களைக் கல்பனா ஆக்கினார்கள். பத்திரிகையிலும் கல்பனா. அப்போது நான் பாவாடை கட்டிக்கொண்டு ஓடின பெண். தெரிந்துதான் இருந்தது, தெரிந்ததை எங்கேயோ போட்டுவிட்டேன். ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்துவிட்டு, அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் அதே ஆளைப் பிடித்தேன். "நேத்துத் தப்பாச் சொல்லிட்டனுங்க. தெய்வானை எங்க நங்கைங்க. அவங்க தவறிட்டாங்க" என்றேன். அவர், "தெய்வானை மேடமா?" என்றார். நங்கை, அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சொந்தக்காரர் போனதுபோல இருந்தது.

"பேர் மாத்துறப்பல்லாம் முதல் போன் அவங்களதுதான் மேடம். இதுதான் கடைசிப் பேரா, இன்னும் வெச்சிருக்கீங்களான்னு கேப்பாங்க. எங்க ஆளுகளே பழைய பேரச் சொன்னா விடமாட்டாங்க, திருத்திருவாங்க. உங்க மிஷினுக்கு ஒண்ணுமில்ல மேடம். புதுசா வந்த அப்டேட்டெல்லாம் கடைசி வரைக்கும் அவங்களே போட்டு வெச்சிருக்காங்க. பேருதான் நின்னுபோச்சு, மிஷின் நிக்கல."

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்த அந்த மாதங்களிலா அதையெல்லாம் போட்டீர்கள்? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சொல்லியிருந்தாலும் நாங்கள் எழுநூறு என்று கேலி செய்திருப்போம்.

கடிதம் வந்தது. பையர் அம்மா படித்துவிட்டு, பெயரை ஒழுங்காகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். ஆர்டர் நம்முடையதுதான். அண்ணன் அந்தக் கோயமுத்தூர்த் தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்து, "இப்போதைக்கு வேண்டாமுங்க" என்று அனுப்பிவிட்டார். கட்டிங் மாஸ்டர் இப்போது 'கே' என்கிறார். வாயில் நுழையாமல்தான் சொல்கிறார், ஆனாலும் சொல்கிறார். ப்ரோகிராமை நான் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எழுதினதைப் படிக்கப் படிக்க எனக்குப் பொறாமையாகவும் பெருமையாகவும் இருக்கிறது. எங்கேயும் ஒரு வரி வீண் இல்லை.

அம்மாவிடமும் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு ஊட்டுல மாமியாளையும் மருமவளையும் ஒரே பேருல எப்படிக் கூப்பிடறது சாமி?" என்று முதலில் கோபித்துக்கொண்டார். நான் எழுந்து போகும்போது கூப்பிட்டு நிறுத்தினார். "அவ படிச்ச புள்ள. சர்ட்டிபிகேட்டெல்லாம் அந்தப் பேருல இருந்திருக்கும். எனக்கு என்ன சர்ட்டிபிகேட்டு இருந்துச்சு? நான் மாத்திக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றார்.

உங்களுக்கு அதில் வருத்தம் இருந்ததா, நங்கை? மிஷினுக்காக அவ்வளவு சண்டை போட்டவர் உங்களுக்காக ஒருநாளும் யாரையும் திருத்தவில்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு முறை இல்லை. எனக்கு நீங்கள் நங்கைதான். ஆனால் இது ஒன்றை வாக்காகச் சொல்கிறேன். இனி எங்கிருந்து யார் ஃபோன் செய்து தெய்வானை இருக்கிறார்களா என்று கேட்டாலும், எழுந்து நின்று சொல்வேன்: "அவங்க எங்க நங்கைங்க. இங்கதான் இருந்தாங்க."

இப்படிக்கு,
தெய்வானையின் நாத்தனார்
பூங்கொடி