முன்னால் சோதனை, நாய் உண்டு

மே 6
இன்று நெடுஞ்சாலையில் நான் நட்ட பலகையை நிலாவிலிருந்துகூடப் படிக்கலாம். 'முன்னால் போதைப்பொருள் சோதனை. நாய் உண்டு.' சோதனை ஏதும் கிடையாது. எல்லா வண்டியையும் மறித்துச் சோதிக்க நீதிமன்றம் விடாது. பலகையைப் பார்த்துப் பயந்து நெடுஞ்சாலையை விட்டு அடுத்த இறங்குபாதையில் நழுவுகிறவன்தான் கள்ளன். அங்கே மார்லா வண்டியோடு நிற்பாள். நாய் மட்டும் நிஜம். என் ரஸ்டி, லாரி இருக்கையில் தூங்குகிறது. காது கேட்காது. மூக்கும் சந்தேகம்தான்.

மார்லா என் அக்கா மகள். இந்த நெப்ராஸ்கா மாவட்டத்துக்கே ராத்திரிக் காவல் அவள் ஒருத்திதான். சம்பளம் வாஷிங்டன் அரசு தரும் மானியத்திலிருந்து. கோடை முடிவதற்குள் நெடுஞ்சாலையில் போதைச் சரக்குப் பிடித்துக் காட்டாவிட்டால் மானியம் நிற்கும், அவள் ஒமாஹா நகரத்துக்கு வேலை தேடிப் போவாள். அப்புறம் பண்ணையில் யாராவது கூப்பிட்டால் ஷெரீஃப் நோவாக் எழுந்து வரவேண்டும். அவர் பூட்ஸ் மாட்டுவதற்குள் திருடன் பேரன் பேத்தி எடுத்துவிடுவான்.

ஆக, சாலைப் பலகை நடுகிற என் கையில்தான் மாவட்டத்தின் கதி. ஷெரீஃப் ஏழு மைல் தள்ளி, சோளவயல் இறங்குபாதைக்கு முன் நடச் சொன்னார். அங்கே மண் பாறை மாதிரி. ஓப்பல் சாப்பாட்டுக் கடை இறங்குபாதைக்கு முன் நட்டேன். மதியச் சாப்பாடும் பக்கம்.

மே 9
இறங்கியவை: ஒரு தேவாலயப் பேருந்து, தேனீப் பெட்டி ஏற்றிய லாரி. சோதனை வரிசையில் நிற்கப் பொறுமையில்லையாம். ஓப்பல் கடையில் மிளகாய்க் கறியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிட்டுப் போனார்கள்.

ஜூன் 2
கண் சிவந்த ஒருவன் சிக்கினான். வைக்கோல் தூசி ஒத்துக்கொள்ளாதாம். மருந்தைப் பார்த்துவிட்டு மார்லா விட்டுவிட்டாள். ஊரில் சொல்லும்போது அவன் கத்தி வைத்திருந்ததாகச் சேர்த்துக்கொண்டேன். வைத்திருந்திருக்கலாம்.

ஜூலை 18
ஷெரீஃப் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, கோபம் என்று அர்த்தம்.
"வெர்லின், ஒண்ணுமே இல்லாத எடத்துல எறங்கினா அவன் கள்ளன்யா. நீ நட்ட எடத்துல எறங்கினா அவனுக்குப் பசி. இதுகூடவா தெரியாது?"
நியாயமான கேள்வி. கேட்ட தொனிதான் சரியில்லை.
பலகையைப் பிடுங்கப் போனேன். ஓப்பல் கரண்டியோடு வந்தாள். "தொட்டுப் பாரு. இனிமே என் கடையில உனக்குப் பச்சத் தண்ணி கெடையாது." கூட்டம் தாங்காமல் புதிதாக இரண்டு பேரை வேலைக்கு வைத்திருக்கிறாளாம். எனக்கும் முட்டி வலித்தது. திரும்பிவிட்டேன். மண் இறுகிவிட்டது என்று ஷெரீஃபிடம் சொன்னேன்.

செப்டம்பர் 4
வாஷிங்டன் பதில் வந்தது. மானியம் இல்லை.

செப்டம்பர் 5
மார்லா பெட்டி கட்டுகிறாள். "உங்க மேல கோபமில்ல மாமா." திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். ரஸ்டிக்கு மாத்திரை கொடுப்பது அவள்தான். எனக்கும்தான். ஏழு மைல் — வண்டியிலதானே போகணும், நடந்தா போகணும்? என்ன கொறஞ்சு போயிருக்கும்?

செப்டம்பர் 16
மாவட்டக் கூட்டம். இந்தக் கோடையில் விற்பனை வரி வருமானம் ஏறியிருக்கிறது, ஏனென்று புரியவில்லை என்றார் கணக்கு அதிகாரி வில்மா. ஓப்பல் எழுந்து புரியவைத்தாள்: பலகை, பயந்தவர்கள், ரொட்டி. ஷெரீஃப் தொப்பியைக் கழற்றினார். மார்லா சம்பளம் இனி அந்த வரியிலிருந்து வரும் என்று முடிவானது; அவள் ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை.
முதல் நாளே இதையெல்லாம் யோசித்துத்தான் அங்கே நட்டேன் என்று எழுந்து சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. கேட்கவும் இல்லை.

அக்டோபர் 3
இறங்குபாதையில் போலீஸ் வண்டி நின்றால் வியாபாரம் கெடும் என்று ஓப்பல் சொல்லிவிட்டாள். அதனால் மார்லா இப்போது பண்ணைப் பக்கம் சுற்றுகிறாள். நேற்று ஹாலெக் கிழவர் கொட்டகையில் டீசல் திருட்டு. திருடன் குழாயைக் கையில் பிடித்திருக்கும்போதே போய் நின்றாளாம்.
காலையில் பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். 'நாய் உண்டு' கொஞ்சம் மங்கியிருந்தது. மறுபடி வர்ணம் அடித்தேன். ரஸ்டி எழுந்திருக்கவில்லை. மாத்திரை போட்ட தூக்கம்.